இயந்திர வால்வா, திசு வால்வா?

பழுதான வால்வுக்குப் பதிலாக இதயத்தில் பொருத்தும் இயந்திர வால்வு பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆயினும் வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுத்து, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்குத் தவறாமல் செல்ல வேண்டியிருப்பதால், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானின் உட்கிராமமொன்றிலிருந்து பஸ் ஏறுபவர் அந்தப் பயணத்தையும் கணக்கிலெடுத்தே தீர்மானிக்க வேண்டும். மண்வெட்டி பட்ட சிறு காயத்திலும் இரத்தம் எளிதில் நிற்காது. வார்ஃபரினின் வேலையைக் குறைக்கக்கூடியதென்றாலும் முருங்கையிலையை விலக்கத் தேவையில்லை. வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவில் உண்பதே முக்கியம்.

விலங்குத் திசுவால் செய்யப்படும் திசு வால்வுக்கு வார்ஃபரின் பெரும்பாலும் சில மாதங்களே. ஆனால் அது 10 முதல் 20 ஆண்டுகளில் தேய்வதால், இளவயதினருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். வயது அறுபத்தைந்தைக் கடந்த, பரிசோதனைக்கு அலைய முடியாத விவசாயிக்கு இதுவே பொருத்தமென்பது என் எண்ணம். முடிவு வைத்தியருடன் பேசியே எடுக்கப்பட வேண்டும்.

எதுவாயினும், பற்களிலிருந்து கிருமி வால்வுக்குப் பரவலாம் என்பதால், சத்திரசிகிச்சைக்கு முன்னரே பற்களைச் சீர்செய்யுங்கள். சத்திரசிகிச்சையில் வெட்டிய நெஞ்செலும்பு பொருந்தும்வரை கிணற்றில் தண்ணீர் அள்ளுவதை வீட்டார் பொறுப்பேற்கட்டும்.