கேம்பர் வேனும் பின்கதவுக்குக் கீழே ஒரு போல்ட்டும்: மூன்று வருட அனுபவம்

போன வாரம் மச்சான் கேட்டார், "ஏனுங் மாப்ளே, நானும் உங்களாட்டம் ஒரு வேன் கட்டட்டுமா?" பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பழைய டிராவலர் வண்டியை கரூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்து வீடு மாதிரி மாற்றினேன். பாடி வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மூன்று மழைக்காலம் போயிற்று, ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, நாலு தடவை ஏறி இறங்கியும் மேல் அலமாரிக் கதவு ஒன்றுகூடத் தளரவில்லை. ஆனைமலைப் பக்கம் அத்தை தோப்பில் வண்டியைப் போட்டுக்கொண்டு, அங்கேயே பறித்த தேங்காயில் சட்னி அரைத்து இட்லிக்குத் தொட்டுச் சாப்பிடுவதற்கு நிகராக எனக்கு வேறொன்றும் இல்லை.

அந்தச் சட்னியில்தான் தொல்லையும் ஆரம்பித்தது. லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடும். மிக்ஸியைப் போட்டதும் லைட் மங்கும், இன்வெர்ட்டர் கத்தும், உடனே கட் ஆகிவிடும். மலை இறங்கி வந்தால் சில நாள் மொத்தக் கரண்டும் போயிருக்கும். பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.7 வோல்ட் காட்டும். கேட்டவர்கள் எல்லாரும் பேட்டரி போச்சு என்றார்கள். 28,000 ரூபாய்க்கு இரண்டு புது ட்யூபுலர் பேட்டரி வாங்கிப் போட்டேன். பத்தே நாளில் அதே கதை.

சித்திரை வெயிலில் கொடுமுடி போனோம். காவிரியில் குளித்துக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ஃபிரிட்ஜ் செத்துக் கிடக்கிறது, பூட்டிய வண்டிக்குள் அனலாக இருக்கிறது. உள்ளே அம்மாவின் இன்சுலின். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்க ஓடினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பின்கதவை ஓங்கிச் சாத்தினால் கரண்ட் திரும்ப வருகிறது என்பதை முதலில் கவனித்தது என் மனைவிதான். காங்கேயத்தில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் அதைச் சொன்னதும் மிக்ஸியை ஓடவிடச் சொன்னார். கட் ஆவதற்குள் கிடைக்கும் சில நொடிகளில் ஒவ்வொரு இடமாக அளந்தார். பேட்டரி முனையில் 12.3. இன்வெர்ட்டர் முனையில் 10.3. நடுவில் 2 வோல்ட்டைக் காணோம். பாசிட்டிவ் வயர் முழுக்க அளந்தாலும் 0.3தான். பேட்டரி மைனஸுக்கும் சேஸிக்கும், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும், இடையே வைத்தார், 1.7!

"பேட்டரில ஒரு குத்தமும் இல்லீங்க. எர்த்து புடிக்கலீங்க" என்றார்.

கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பி வருவது சேஸி வழியாகத்தான். அந்த இரண்டையும் இணைக்கும் எர்த் போல்ட்டை, பின்கதவுக்குக் கீழே பெயின்ட் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார்கள். பெயின்ட் கரண்டைக் கடத்தாது. மரையில் ஒட்டியிருந்த கொஞ்சம் இரும்புதான் இவ்வளவு நாள் தாங்கியது, அதிலும் துரு ஏறிவிட்டது. லைட், ஃபேன் மட்டும் ஓடும்போது தெரியாது. மிக்ஸிக்கு 75 ஆம்பியர் போகும்போது அந்த ஒரு போல்ட்டில் ஏறக்குறைய 130 வாட் சூடாகவே வீணாகிறது. கை வைத்துப் பார்த்தேன், சுட்டது.

பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தார். வயர் முனைக்குப் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்), பல் வாஷர், மேலே வாசலின். இன்வெர்ட்டர் மைனஸுக்கு பேட்டரியிலிருந்து நேராகவே தடித்த கேபிள் இழுத்தார். எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். ஏழு மாதம் ஆகிறது, ஒரு தடவைகூடக் கட் ஆகவில்லை. கரண்ட் போகும் வண்டி வைத்திருப்பவர்கள் பேட்டரி மாற்றும் முன்பு, மிக்ஸி மாதிரி பெரிய லோடு ஓடும்போதே பேட்டரி மைனஸுக்கும் சேஸிக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த்தைக் கழற்றிப் பாருங்கள்.

பட்டறைக்குப் போன் செய்தேன். வயரிங் வேறு ஆள் பார்த்ததுங்க என்றார்கள். அவர்கள் கட்டிய பாடி இன்னும் பதினைந்து வருடம் நிற்கும் என்று நம்புகிறேன். ஆனாலும் மச்சான், அங்கே கொடுக்காதீர்கள். என் வண்டியை விலைக்குக் கேட்டாலும் தரமாட்டேன்.