எம்35ஏ2: பிரேக்கைத் தவிர எல்லாம் பிடிக்கும்

என் லாரியின் பின் அச்சில் ஒரு வீல் சிலிண்டரை மாற்றி, பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி (மெக்கானிக் மொழியில் ஏர் எடுத்து) முடித்த அதே வாரத்தில்தான் நண்பன் அந்தக் கேள்வியைக் கேட்டான். அமெரிக்க ராணுவ லாரியான எம்35ஏ2, கழித்துக்கட்டியது ஒன்று விலைக்கு வருகிறதாம், வாங்கலாமா என்று. ஆறு சக்கரமும் இழுக்கும், கரடுமுரடான நிலத்தில் இரண்டரை டன், நல்ல சாலையில் அதைப்போல் இரண்டு மடங்கு ஏற்றலாம், டீசல் இல்லாவிட்டால் மண்ணெண்ணெயிலும் ஓடும். இதெல்லாம் அவனுக்கே தெரியும். அவன் கேட்டது வேறு: இத்தனை காலம் வைத்திருக்கிறாயே, எப்படி இருக்கிறது?

அப்போது இருந்த கோபத்தில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இந்த லாரியின் பிரேக் காற்றும் ஆயிலும் சேர்ந்தது. பெடலை மிதித்தால் ஓட்டுநர் காலடித் தளத்துக்குக் கீழே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் ஏர்பேக் (Air-Pak; விபத்தில் விரியும் காற்றுப்பை அல்ல) என்கிற பூஸ்டருக்குப் போகும். பூஸ்டர் ஏர் டேங்கின் காற்றைக் கொண்டு அழுத்தத்தைப் பல மடங்காக்கி ஆறு சக்கரங்களுக்கும் அனுப்பும். அனுப்புவது ஒரே ஒரு குழாய் வழியாக. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்ற பிரிவே கிடையாது. சக்கரத்துக்குள் பிரேக்கை அழுத்தும் ஆறு வீல் சிலிண்டர்களில் ஏதாவது ஒன்றில் ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் கப் கிழிந்தாலோ, அச்சுக்கு இறங்கும் ஹோஸ் ஒன்று வெடித்தாலோ, மொத்த ஆயிலும் அந்த வழியாக வெளியேறும். பெடல் தரையைத் தொடும். நல்ல நிலையில் இருக்கும் மற்ற ஐந்து சக்கரங்களும் சும்மா உருண்டுகொண்டே போகும்.

அதைவிட எரிச்சல் தருவது, எச்சரிக்கையைத் தப்பான இடத்தில் வைத்திருப்பது. காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் பஸ்ஸர் காது கிழியக் கத்தும். டேஷ்போர்டில் அதற்குத் தனியாக மீட்டர் வேறு. ஆனால் காற்று போனால் இந்த வண்டி நிற்காமல் போய்விடாது. பெடல் கல்லாக இறுகும், முழு பலத்தோடு மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆயில் போனால்தான் பிரேக்கே இல்லை. அதற்கு விளக்கும் கிடையாது, சத்தமும் கிடையாது. காற்று மீட்டரின் முள் நிறைவாக நிற்கும்போதே வண்டி பிரேக் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆயில் அளவைப் பார்க்க வேண்டுமென்றால் தளத்தில் இருக்கும் மூடியைத் தூக்கி, மாஸ்டர் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறேன். செய்யாமல் ஓட்டுபவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

அப்புறம் அந்த ரப்பர் கப்பை அடையும் பாடு. என் வண்டியில் டிரம் ஹப்பின் உட்புறமாக இருக்கிறது. பின்பக்க ஜோடிச் சக்கரங்களைக் கழற்றி, ஆக்சில் ஷாஃப்டை உருவி, பேரிங் நட்டைப் பெரிய சாக்கெட் போட்டுத் திறந்து, ஹப்பையும் டிரம்மையும் ஒன்றாக இழுக்க வேண்டும். தனியாளாகத் தூக்கும் எடை அல்ல. இவ்வளவு தூரம் போன பிறகு சீலைப் புதிதாகப் போடாமல் மூடக் கூடாது. பழைய சீல் கசிந்தால் கியர் ஆயில் டிரம்மில் உரசும் பிரேக் லைனரில் இறங்கி, போட்ட புது லைனரும் வீண். பேரிங்குக்கும் புது கிரீஸ். சின்ன உதிரிபாகம் ஒன்றுக்காக ஒரு மூலையையே பிரித்து மாட்டும் வேலை இது. இன்னொன்று, இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாதவர்கள் நீளமான பைப்பைப் போட்டு இறுக்கிக்கொண்டே போய் ஸ்டட்டை முறித்துவிடுவார்கள்.

பிரேக் ஆயில் விஷயத்திலும் ஒரு வினை இருக்கிறது. அமெரிக்க ராணுவம் 1980களின் தொடக்கத்தில் சிலிகான் ஆயிலுக்கு மாறியது, கடைகளில் டாட் 5 என்று வருவது. அது தண்ணீரை உறிஞ்சாது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் உள்ளே வந்த ஈரம் கரையாமல் தாழ்வான இடம் தேடி இறங்கும். தாழ்வான இடம் வீல் சிலிண்டர். அங்கே துருப்பிடித்துக் குழி விழும், குழி கப்பை அரிக்கும். மேலே மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் ஊதா நிறத்தில் பளிச்சென்று இருக்க, கீழே துருத் தண்ணீர் நிற்கும். டாட் 3, டாட் 4 ஆயில்களோடு இதைக் கலக்கவே கூடாது. ஊற்றும்போதும் மெதுவாக ஊற்ற வேண்டும். குமிழி சேர்ந்துகொண்டால் பெடல் பஞ்சுபோலவே இருக்கும், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் தீராது. முதலில் ஏர்பேக்கில் எடுத்து, பிறகு மிகத் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்கி முன்னால் வருவதுதான் முறை.

நியாயமாகவும் பேச வேண்டும். இந்தக் குடும்பத்து லாரிகள் ராணுவத்துக்கு வந்தது 1950இல். அந்தக் காலத்துக் கார்களிலும் ஒற்றை சர்க்யூட்தான், அதாவது எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் வழி. எல்லாம் சரியாக இருக்கும்போது பெடல் மெதுவாக, சீராகப் பிடிக்கும். இத்தனை எடைக்கு அது நல்ல பிரேக் என்றே சொல்வேன். ஆனால் 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பயணிகள் கார்களுக்கு இரட்டை சர்க்யூட் கட்டாயமாகிவிட்டது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், சுமார் ஆறு டன் வெற்று எடையுள்ள இந்த லாரி பழைய அமைப்போடேயே வெளிவந்துகொண்டிருந்தது. இங்கேதான் என் நியாயம் தீர்ந்துபோகிறது.

இதே வண்டியை என்னால் வெறுக்கவும் முடியவில்லை. அதற்குக் காரணம் பலர் நினைப்பதுபோல் இன்ஜின் அல்ல, வயரிங். ஒவ்வொரு வயரின் முனையிலும் ஒரு சின்ன உலோகப் பட்டை, அதில் எண் அடித்திருக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் பார்த்த அதே எண்ணைச் சேஸிஸின் கடைக்கோடியிலும் பார்க்கலாம். சர்வீஸ் புத்தகத்தில் அந்த எண்ணைத் தேடினால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வந்துவிடும். பின்விளக்கு எரியவில்லை என்றால் ஊகிக்கவே வேண்டாம். படத்தைப் பார்த்து, மீட்டரை வைத்து, பழுதான இணைப்பில் போய் நிற்கலாம். அந்தப் புத்தகங்களும் அப்படித்தான். எதுவும் தெரியாத ஓர் இளைஞன் கையில் கொடுத்தாலும் வேலை நடக்கும்படி, படம் படமாக, எந்த நட்டை முதலில், எந்த அளவு முறுக்கில் என்று எழுதியிருப்பார்கள். இலவசமாகவே கிடைக்கின்றன. நான் வைத்திருந்த எந்தக் காரிலும் இந்த மரியாதையைப் பார்த்ததில்லை. உரிமையாளனே பழுது பார்க்கட்டும் என்று நம்பிச் செய்த வண்டி இது.

இன்ஜினைப் பற்றிச் சுருக்கமாக. 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ, ஏறத்தாழ 22:1 கம்ப்ரெஷன். டர்போவின் விசில் சத்தத்துக்காகவே வாங்குபவர்கள் உண்டு, குறை சொல்ல மாட்டேன். எதை ஊற்றினாலும் ஓடும் என்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓடும். ஆனால் எரிபொருள் பம்பின் பாகங்களுக்கு எரிபொருளின் வழவழப்புதான் உயவு. பெட்ரோல் மாதிரி வறண்ட எரிபொருளைத் தொடர்ந்து ஊற்றினால் பம்ப் தேயும். கழிவு இன்ஜின் ஆயிலைச் சரியாக வடிகட்டாமல் கலந்தால் ஃபில்டர்கள் அடைபடும். நான் டீசலோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது மாற்றங்கள். வாங்கியவர்கள் முதலில் செய்வது டயர். பின்னால் இருக்கும் ஜோடிச் சக்கரங்களை எடுத்துவிட்டு, அகலமான ஒற்றை டயர்களைப் போடுவது. பார்க்க அழகு, சேற்றில் பயனும் உண்டு. ஆனால் டயரின் உயரம் கூடினால் அதே டிரம் அதே லைனரோடு இன்னும் பெரிய சக்கரத்தை நிறுத்த வேண்டியிருக்கும். தரையில் கிடைக்கும் பிடிப்பு விசை குறையும். கூடவே கியர் விகிதமும் உயர்வதால் வண்டி இன்னும் வேகமாகப் போகும். நிறுத்தும் திறனைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவது எப்படி முதல் மாற்றமாக இருக்க முடியும்? ஒரு பின் அச்சை எடுத்து, சேஸிஸை வெட்டி நான்கு சக்கர வண்டியாக்குபவர்களும் இருக்கிறார்கள். நல்ல வெல்டரின் வேலை அழகாகவே இருக்கும். அங்கும் என் கேள்வி ஒன்றுதான்: பிரேக்கை என்ன செய்தீர்கள்?

என் வரிசையில் முதல் இடம் இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு. முன் அச்சுக்குத் தனி பூஸ்டர், பின் அச்சுகளுக்குத் தனி பூஸ்டர். ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். வேலை சுலபமல்ல, காலடியில் இடம் குறைவு, பெடலின் நெம்பு விகிதம் மாறாமல் பிராக்கெட் செய்ய வேண்டும், குழாய்களைப் புதிதாக வளைக்க வேண்டும். இதை வீட்டில் பரிசோதனையாகச் செய்யாமல், கனரக வண்டி பிரேக் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுவரை எல்லா ஹோஸ்களையும் புதிதாக மாற்றி, ஹேண்ட் பிரேக்கை உயிரோடு வைத்திருங்கள். அது முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும் தனி டிரம்மை இரும்புக் கயிற்றால் பிடிப்பது, ஆயிலோடு சம்பந்தமே இல்லாதது. லீவரின் நுனிக் குமிழைத் திருகினாலே இறுக்கம் கூடும். பெடல் தரையைத் தொட்ட நாளில் கையில் மிச்சமிருப்பது அதுவும் கியரும் மட்டுமே.

பவர் ஸ்டீயரிங் இரண்டாவது. அது சுகம், உயிர் விஷயம் அல்ல. 24 வோல்ட் வண்டியில் ரேடியோவுக்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்காதீர்கள், இரண்டும் சமநிலை இழந்து சாகும்; கன்வெர்ட்டர் ஒன்று போட்டால் தீர்ந்தது. பூட்டு வளையம் உள்ள ரிம்மில் காற்றடிக்கும்போது, வளையம் தெறித்தால் தடுக்க, இரும்புக் கூண்டு கட்டாயம், அதில் பேச்சே இல்லை.

நண்பனுக்கு மறுபடி பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் வாங்கு என்றுதான் வருகிறது. இவ்வளவு வெளிப்படையாகச் செய்த, இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த, கையாலேயே சரிசெய்யக்கூடிய இன்னொரு லாரி எனக்குத் தெரியாது. என்னுடையதை விற்கவும் மாட்டேன். ஆனாலும் வாங்காதே என்றே சொல்கிறேன். அவன் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வண்டி வந்த முதல் நாளே மூவரும் ஏறி உட்காருவார்கள். அந்த வண்டியின் வீல் சிலிண்டர்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று விற்பவருக்கே தெரியாது. இரட்டை சர்க்யூட் போட்டு முடித்த வண்டி ஒன்று வந்தால் மறுபடி கேட்கட்டும், நானே கூட வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துச் சொல்கிறேன்.