அடிவாரத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டிய கடை

ஏற்காட்டுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கடை இது. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு போகும் சாலையில் ஒரு சின்ன ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. பெயர்ப்பலகை கிடையாது; வாசலில் அடுக்கியிருக்கும் பழைய பேட்டரிகள்தான் அடையாளம்.

என் குட்டியானைக்குப் பிரேக் லைட் எரியவில்லை என்று அபராதம் போட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆம் பிரிவு: முதல் முறை 500 ரூபாய், மறுபடி சிக்கினால் 1,500. தமிழகத்தில் 2022 அக்டோபரிலிருந்து இதுதான் கணக்கு. பிடித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பனி இறங்கிவிட்டால், முன்னால் போகிற வண்டி வேகம் குறைப்பதை அந்தச் சிவப்பு வெளிச்சம்தான் சொல்லும். ஆனால் சலானைப் போட்டுவிட்டு, விளக்கில்லாத அதே வண்டியை அந்தி நேரத்தில் மேலே ஏற விட்டார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ‘சரிசெய்து வந்து காட்டு, பிறகு போ’ என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

வேறு கடைகளில் பல்பை மாற்றித் தந்தார்கள். சில நாளில் மறுபடி அணைந்தது. இவர் என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றார். “அண்ணா, மிதிக்கும்போது இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. பல்பு நன்றாகத்தான் இருக்கிறது, எர்த் சரியில்லை” என்றார். எர்த் என்பது மின்சாரம் திரும்பும் வழி; அது அடைபட்டால் மின்சாரம் பக்கத்து விளக்குக்குள் புகுந்து போகுமாம். எர்த் ஒயரைச் சேஸிஸோடு பிடித்திருந்த போல்ட், மலை ஈரத்தில் துருவேறிக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து, ஒயர் முனையைப் புதிதாக வெட்டிப் போட்டு, கிரீஸ் தடவி முறுக்கினார். 150 ரூபாய். அடுத்த மழைக்கும் விளக்கு பழுதாகவில்லை.

பின்பக்கச் சிவப்பு ஒளிப்பட்டை உரிந்திருந்ததையும் அவரே காட்டி ஒட்டிக்கொடுத்தார். பல குரல் ஹார்ன் கேட்டுப் போனால் பொருத்தித் தரமாட்டார். அது விதிக்கு விரோதம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

ஒரே குறை, பில் தருவதில்லை. வற்புறுத்திக் கேட்டால் ஒரு தாளில் செய்த வேலையை எழுதித் தருகிறார். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது. இரண்டு வண்டிக்கு மேல் நிற்க இடமும் இல்லை, காலையிலேயே போய்விடுங்கள்.