700 ரூபாய் கேபினட், 36 ரிவிட்

சென்னை ரிச்சி தெருவில் 700 ரூபாய்க்கு வாங்கிய பழைய ஃபுல் டவர் கம்ப்யூட்டர் கேபினட் இது. முகப்பில் கம்பெனி பெயர் பாதி உரிந்துபோயிருந்தது. மீதியை நானும் சொல்லப்போவதில்லை. சிடி டிரைவ் காலத்துப் பொருள். முன்பக்கத்தில் தண்ணீரால் குளிர்விக்கும் 360 மி.மீ. ரேடியேட்டர் வைக்க ஆசை. மூன்று 120 மி.மீ. ஃபேன் வரிசையாக நிற்க வேண்டும் என்றால், மேலே டிவிடி கூண்டும் கீழே ஹார்ட் டிஸ்க் கூண்டும் போயாக வேண்டும். இரண்டுமே ரிவிட் அடித்தவை.

எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 36. எல்லாம் அலுமினிய பாப் ரிவிட், ஒரு பக்கத்திலிருந்தே அடிக்கும் வகை. நல்லவேளை, ஸ்பாட் வெல்டிங் எங்கேயும் இல்லை. இருந்திருந்தால் இரும்பு அறுக்கும் கிரைண்டரைத் தேட வேண்டியிருக்கும்.

3.2 மி.மீ. பிட் போட்டு முதல் ரிவிட்டில் டிரில்லை வைத்தேன். நடுவில் இருக்கும் இரும்புக் கம்பியில் பட்டு வழுக்கி, பெயின்ட்டில் ஓர் அங்குலத்துக்குக் கோடு. அடுத்ததில் ரிவிட்டே பிட்டோடு சேர்ந்து சுற்றியது, வெட்டவே இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் அலுமினிய ஜன்னல் வேலை செய்பவர், எட்டிப் பார்த்தார். "தம்பி, முதல்ல அந்தக் கம்பியைப் பஞ்ச் வச்சுத் தட்டி உள்ள தள்ளு. சுத்துனா தலைக்கு அடியில ஸ்க்ரூடிரைவரைச் செருகி அழுத்திக்க. ஸ்பீடைக் குறை." அவ்வளவுதான். அப்புறம் தலை மோதிரம் மாதிரி பிட்டில் மாட்டிக்கொண்டு வந்தது. 22 ரிவிட்டை ஒரே மாலையில் எடுத்துவிட்டேன்.

கேபினட்டின் மேல் எனக்கு இரண்டு கோபம். கீழ்க் கூண்டின் இரண்டு ரிவிட் பிளாஸ்டிக் கால்களுக்கு அடியில் ஒளிந்திருந்தன. தெரியாமல் நெம்பியதில் அடித்தகடு வளைந்துவிட்டது. தகட்டு ஓரங்களை மடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், கட்டைவிரல் கிழிந்தது. அரம் போட்டுப் பிசிறு எடுக்கவே அரை நாள்.

கூண்டுகளை எடுத்ததும் முன்பக்கம் அப்பளமாக ஆடியது. அதுவரை தாங்கி நின்றதே அவைதான். மேலும் கீழும் அலுமினிய எல் ஆங்கிள் வைத்துப் புது ரிவிட் அடித்தேன். திரும்பக் கழற்ற வேண்டிய இடங்களில், பழைய ஓட்டையிலேயே எம்3 (3 மி.மீ.) போல்ட் நட்டோடு சரியாக உட்கார்ந்தது.

மதர்போர்டை வெளியே எடுத்துவிட்டுத்தான் டிரில் போட வேண்டும். இரும்புத் தூளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அலுமினியத் தூள் காந்தத்துக்கு வராது, ஈரத்துணியால் துடைத்து எடுத்தேன்.

5க்கு 3.5 கொடுப்பேன். உள்ளே தட்டிவிட்ட கம்பிகளில் ஒன்று மேல்மடிப்புக்குள் எங்கேயோ கிடக்கிறது. கேபினட்டைச் சாய்த்தால் இன்றைக்கும் கிலுகிலுக்கும்.