ஓபெத்தின் 'ஹெரிடேஜ்': உறுமல் போனதா, கீல் கழன்றதா?

ஸ்வீடனின் மெட்டல் குழுவான ஓபெத்தின் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் 2011-இல் வந்த 'ஹெரிடேஜ்' ஆல்பத்தைப் பற்றி வாக்குவாதம் வராமல் போகாது. ஒருவருக்கு அது துரோகம், மற்றவருக்குத் துணிச்சல். இருவரும் சுட்டுவது ஒன்றைத்தான்: குழுவின் பாடகர் மிகேல் ஓகெர்ஃபெல்ட் அடித்தொண்டையிலிருந்து எழுப்பும் உறுமலான குரோல் இதில் ஒரு இடத்தில்கூட இல்லை. ஆனால் குரோல் இல்லாத ஓபெத் ஆல்பம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 2003-இன் 'டாம்னேஷன்' முழுக்க மென்குரல்தான். அதற்கு இந்த அளவு வசவு விழவில்லை. உறுமலே பிரதானமான டெத் மெட்டல் தவிர வேறெதையும் தொடாதவர்கள்கூட அதை ராத்திரியில் போட்டுக் கேட்கிறார்கள். அப்படியானால் கோபத்தின் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

2001-இன் 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தின் 'த டிரேப்பரி ஃபால்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. முதல் சில நிமிடங்கள் மெதுவாக, உருகி உருகிப் போகும். பாதியை நெருங்கும்போதுதான் குரோல் வருகிறது. வந்த கணத்தில் பாட்டே வேறொரு அறைக்குள் நுழைந்துவிடுகிறது. அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள கதவின் கீல்தான் குரோல். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) மாறுவதும் தாளம் மாறுவதும் நமக்கு உறுத்தாமல் இருந்ததற்குக் காரணம் அந்தக் குரல் மாற்றம். கீலைக் கழற்றினால் கதவை நிறுத்த வேறு ஏதாவது வேண்டும். 'டாம்னேஷ'னில் பாட்டுகள் சிறியவை, ஒரே மனநிலையில் நிற்பவை. அங்கே கதவே தேவைப்படவில்லை. 'ஹெரிடேஜ்' கதவுகளை வைத்துக்கொண்டு கீலை மட்டும் எடுத்துவிட்டது. நம் கணக்கில் குறை இதுதான்.

'ஃபேமின்' பாட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். எட்டரை நிமிடம். அலெக்ஸ் அகுன்யாவின் தாள வாத்தியங்களோடும் பியோர்ன் யெய்சன் லிண்டின் புல்லாங்குழலோடும் தொடங்குகிறது. குழலில் ஸ்வரத்தைவிட மூச்சுதான் அதிகம் கேட்கும். அது அடங்கியதும் பியானோவும் குரலும். பிறகு பொசுக்கென்று நின்று, வேகமான ரிஃப். அப்புறம் ஆளை அமுக்கும் மெதுவான கனத்த ரிஃப், அதன்மேல் கரகரவென்று குழல். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் அருமை. அந்தக் கனத்த ரிஃப் ஓபெத் எழுதியவற்றில் முன்வரிசையில் நிற்கும். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கப் படி இல்லை. நாலு பாட்டின் துண்டுகளை ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது என்று புலம்புகிறவர்களைத் தப்பு சொல்ல முடியாது.

ஒலியிலும் மாற்றம் பெரிது. கிட்டார்களில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைப் பாதிக்கும் கீழே இறக்கியதுபோல் கேட்கிறது. அதனால் பழைய ஒலிச்சுவர் இல்லை. சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டான கார்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு தந்தியும் தனித்துக் கேட்கும். டிரம்ஸ் வாசிக்கும் மார்ட்டின் ஆக்சென்ராட் இரு கால்களாலும் அடிக்கும் டபுள் கிக்கை மூட்டைகட்டி வைத்துவிட்டு, ஸ்னேர் டிரம்மில் சன்னமான இடையடிகளோடு ஜாஸ் கைப்பழக்கத்தில் வாசிக்கிறார். கிட்டார் விட்ட இடத்தை மார்ட்டின் மெண்டெஸின் பேஸ் கிட்டாரும் பெர் விபெர்க்கின் மெல்லோட்ரான், ஹம்மண்ட் ஆர்கன் என்ற பழைய கீபோர்டுகளும் நிரப்புகின்றன. விபெர்க் பதிவு முடிந்ததும் விலகிவிட்டார். அட்டைப்படத்தில் மரத்தில் காய்த்த தலைகளில் ஒன்று மட்டும் கீழே விழுகிறதே, அது அவர்தான். பதிவான ஒலிகளைக் கலக்கும் மிக்ஸிங்கில் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனின் கை இருக்கிறது. வாத்தியங்களுக்கு நடுவே காற்று புக இடம் விட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவும் இல்லை. 2008-இன் 'வாட்டர்ஷெட்' ஆல்பத்தில் 'பர்டன்' பாட்டை மறுபடி கேளுங்கள். ஹம்மண்ட் தனி ஆவர்த்தனம், கடைசியில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கிட்டாரின் சுருதியைக் கலைக்கும் குறும்பு. 'ஹெரிடே'ஜின் விதை அங்கேயே ஊன்றியாயிற்று.

மற்ற பாட்டுகளில் 'த டெவில்ஸ் ஆர்ச்சர்ட்' பழைய ரசிகர்களுக்கும் உடனே பிடிக்கும். 'ஸ்லிதர்' மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவுக்கு அஞ்சலி. நேரடி ஹார்ட் ராக், இதில் நீண்டு வளைந்து போகும் பிராகிரஸிவ் ராக் தேட வேண்டாம். 'நெபென்தி' மெல்லப் போய் நடுவில் ஜாஸும் ராக்கும் கலந்த ஃபியூஷனாக வெடிப்பது ஏன் என்று பத்தாவது முறையும் விளங்காது. 'ஃபோக்லோர்' பாட்டின் முடிவுப் பகுதிதான் ஆல்பத்தின் உச்சம். அங்கே மட்டும் படிகள் ஒழுங்காக அமைந்திருக்கின்றன: ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து மேலேறுகிறது. அதே பொறுமையை மற்ற பாட்டுகளிலும் காட்டியிருந்தால் இந்தச் சண்டையில் பாதி நடந்திருக்காது.

முதல் தடவை கேட்டு ஏமாந்தவர்களில் பலர் கேட்ட விதத்திலேயே தவறு இருக்கலாம். மெட்டலுக்கென்று ஈக்வலைசரில் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி நடுவைக் குழிபறித்து வைத்திருப்போம். 'ஹெரிடே'ஜில் கிட்டார், மெல்லோட்ரான், குரல் மூன்றும் குடியிருப்பது அந்த நடுப்பகுதியில்தான். எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரும் வேண்டாம். மெண்டெஸின் பேஸ் காணாமல் போனால் பாட்டில் பாதி எலும்பு போச்சு. பழைய ஆல்பங்களோடு ஒப்பிடுவதென்றால் செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சத்தமாக மாஸ்டர் செய்த (கடைசிக்கட்டமாக ஒலியளவு கூட்டிய) பாட்டுதான் நல்ல பாட்டு என்று காது ஏமாற்றும். வரிசையைக் கலைக்கும் ஷஃபிளில் போடவே கூடாது. முதலிலுள்ள இரண்டு நிமிடப் பியானோவின் அமைதியிலிருந்து 'டெவில்ஸ் ஆர்ச்சர்ட்' பாய்வதுதான் அதன் பலம். பியானோவை விட்டுவிட்டால் அந்தப் பாய்ச்சல் பாதியாகிவிடும்.

'குரோலைத் திரும்பக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற வாதம் எடுபடாது என்பதற்கு அடுத்த ஆல்பமே சாட்சி. 2014-இன் 'பேல் கம்யூனியன்' பாட்டுகளிலும் குரோல் கிடையாது. ஆனால் அடுக்கடுக்கான குரல் ஒத்திசைவையும் தந்தி வாத்தியங்களையும் கீலாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பாட்டுகள் நிற்கின்றன. 2024-இன் 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமெண்ட்' ஆல்பத்தில் குரோல் வந்துவிட்டது, 'வாட்டர்ஷெட்'டுக்குப் பிறகு முதல் தடவையாக. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஒரு பணக்காரக் குடும்பத்தில் உயில் வாசிக்கும் கதை. அங்கே குரோலும் கதை சொல்லும் குரல்களில் ஒன்று. பழைய ரசிகர்கள் ஆசுவாசப்பட்டார்கள். ஆனால் அதற்கு அடியில் ஓடும் இசை 2001-க்குத் திரும்பவே இல்லை, 'ஹெரிடேஜ்' திறந்த பாதையில்தான் போகிறது.

புதிதாக வருகிறவர்கள் 'பேல் கம்யூனிய'னில் தொடங்கி, பிறகு 'ஹெரிடே'ஜுக்கு வரலாம். வாங்குவதென்றால் 5.1 மிக்ஸ் (சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பது) உள்ள டிவிடியோடு வந்த சிறப்புப் பதிப்பைத் தேடுங்கள். அதில் 'பையர்', 'ஃபேஸ் இன் த ஸ்னோ' என்று இரண்டு பாட்டு கூடுதல். 'த லைன்ஸ் இன் மை ஹேண்ட்' இருந்த இடத்தில் 'பையர்' இருந்திருக்க வேண்டும்.