புதுப் பிஞ்சுக் குருவியைக் (finch) கூண்டில் சேர்க்க எந்த வழி?

வாங்கி வந்த கையோடு உள்ளே விட்டுவிடுவதுதான் எல்லோருக்கும் சுலபம். இன்னொரு கூண்டுக்குக் காசும் வேண்டாம், இடமும் வேண்டாம். பெங்காலீஸ் வகைப் பிஞ்சு என்றால் சண்டையும் அவ்வளவாக வராது; ஒரே கூட்டுக்குள் நாலைந்து நெருக்கியடித்துத் தூங்குகிற சாதி அது. ஆனால் சண்டை இல்லை என்பதற்காக நோய் வராமலா இருக்கும்? பிஞ்சுகளின் மூச்சுக்குழாயில் குடியேறும் சிற்றுண்ணி வெளியில் தெரியாமலே வந்து சேரும். இரவில் விளக்கை அணைத்துக் காது கொடுத்தால் மூச்சோடு ‘டிக், டிக்’ என்று சத்தம் கேட்கும். பகலில் குருவி வாயைத் திறந்தபடி, வால் ஏறி இறங்க உட்கார்ந்திருக்கும். அப்படிக் கண்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

அடுத்தது, பக்கத்தில் இன்னொரு கூண்டு. பார்த்துப் பழகட்டும் என்கிறார்கள். பழகும், சரி. இதையே தனிமைப்படுத்தல் என்று நினைப்பதுதான் பிழை. வெள்ளவத்தை பிளாட் ஒன்றின் பல்கனியில் இரண்டையும் அருகருகே தொங்கவிட்டால் தும்மலும் எச்சத் தூசும் இரண்டுக்கும் பொது. முதல் 30 நாளாவது புதுச் சோடி கதவு மூடிய வேறு அறையில் இருக்கவேண்டும். பழையதற்குத் தீனி வைத்த பிறகே புதியதிடம் போகவேண்டும். இரண்டு அறை வீட்டில் கஷ்டம்தான், அதற்காக விட முடியாது.

அந்த நாட்கள் கழிந்த பிறகு, பெங்காலீஸை நேரே விடலாம். ஸீப்ரா வகைப் பிஞ்சுக்கு என் தேர்வு மூன்றாவது வழி: கூண்டையே கலைத்துவிடுவது. ஸீப்ராவுக்குத் தீனி குறையாத இடத்தில் வருடம் முழுக்கக் கூடு கட்டும் காலம்தான். கூட்டுப் பெட்டி இருந்தால் ஆண் அதைச் சுற்றி யாரையும் அண்டவிடாது. ஆகவே பெட்டியைக் கழற்றி, கூண்டைக் கழுவி, கொப்புகளை இடம் மாற்றி, காலையில் எல்லாவற்றையும் ஒன்றாக விடவேண்டும். பகல் முழுக்கக் கவனிக்கலாம். உயரக் கொப்புக்குத்தான் போட்டி, அதனால் இரு பக்கமும் ஒரே உயரத்தில் வையுங்கள். தீனியும் தண்ணீரும் இரண்டு இடத்தில். குஞ்சு இருந்தால், அது தானாகத் தின்னும்வரை பொறுக்கவேண்டும். இந்த வழியின் குறை அதுதான்.

கொஞ்சம் விரட்டல் இருக்கும், பயப்பட வேண்டாம். ஒன்று மட்டும் தரையில் மூலையில் குந்தியிருந்து, முதுகில் இறகும் குறைந்தால் அன்றே பிரித்துவிடுங்கள்.

ஜாவாச் சிட்டை மட்டும் சிறு கூண்டில் எந்த வழியிலும் சேர்க்கமாட்டேன். அந்தத் தடித்த அலகைப் பார்த்தாலே ஏன் என்று தெரியும்.