14416 மனநல உதவி எண்: பள்ளிக்கூடத்தில் பட்டது இன்னும் விடாதவர்களுக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்று தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கியது 14416. மத்திய அரசின் தொலைபேசி மனநலத் திட்டமான டெலி மானஸின் கீழ் வருகிறது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம்தான் தலைமை மையம். 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். 1800-891-4416 என்றாலும் அதே இடத்துக்குத்தான் போகும். தேர்வு பயத்துக்கும் குடும்பச் சண்டைக்கும் இது எப்படி என்பதை விட்டுவிடுவோம். இங்கே பார்ப்பது ஒரே வகை ஆட்களை: எட்டாவது, பத்தாவது படிக்கையில் கூட்டமாகச் சேர்ந்து சீண்டப்பட்டு, இப்போது 25, 30 வயதிலும் அதிலிருந்து மீளாதவர்கள்.

“சின்ன வயசு விஷயம், மறந்துடு” என்பது ஆறுதல் பேச்சுதான், உண்மை வேறு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 9 முதல் 16 வயது வரை சீண்டப்பட்ட பிள்ளைகளை இருபதுகள் வரை தொடர்ந்து பார்த்தார்கள்; பதற்ற நோயும், திடீரென்று நெஞ்சு அடைக்கும் பீதியும், கூட்டத்துக்குள் போக அஞ்சுவதும் அவர்களிடம் கூடுதல். அடி வாங்கிவிட்டு அடுத்தவனைச் சீண்டியவர்கள் நிலை இன்னும் மோசம். பிரிட்டனில் 1958-இல் பிறந்தவர்களைத் தொடர்ந்த ஆய்வோ, 7, 11 வயதில் பட்டதன் தடம் 50 வயதிலும் இருப்பதைக் காட்டியது.

இராமநாதபுரம் கரையில் இது வரும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. மீன் கவுச்சி அடிக்குது என்று பெஞ்சில் தள்ளி உட்காருவது, கையில் கட்டிய கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதி பார்ப்பது, இலங்கைத் தமிழ் அகதிகள் தங்கும் மண்டபம் முகாம் பிள்ளையின் பேச்சை அப்படியே பேசிக் காட்டுவது. கொஞ்சம் ஒதுங்கி இருந்தால் “ஏர்வாடிக்கு அனுப்புங்கடா” என்று ஒரு குரல்; மனநோயாளிகளைக் கொண்டுவந்து விடும் தர்கா இருக்கும் ஊர் அது. மனசு சரியில்லை என்று வாய்திறக்க இங்கே பலர் கூசுவதற்கு அந்தக் கடைசி வசவே போதும்.

அழைக்கிறவர் யாரும் “பள்ளியில் சீண்டினார்கள்” என்று தொடங்குவதில்லை. தூக்கம் வரலை, நெஞ்சு படபடக்குது என்பார்கள். எதிர்முனையில் இருப்பவர் அதற்கேற்ப மூச்சுப்பயிற்சியும் தூங்கும் நேரமும் சொல்லி முடித்துவிடுவார். ஆலோசகர்மேல் குறையில்லை, சொன்னதற்குத்தான் அவர் பதில் சொல்ல முடியும். ஆகவே முதல் இரண்டு நிமிடத்திலேயே இப்படிப் போட்டு உடைத்துவிடுங்கள்: “எனக்கு 27 வயசு. ஸ்கூல்ல மூணு வருஷம் கூட்டமா வச்சு கேலி பண்ணி அடிச்சாங்க. இப்பவும் நாலு பேர் சிரிச்சா என்னைப் பாத்துத்தான்னு தோணுது. ஆறு மாசமா வேலைக்கு ஒழுங்காப் போகலை.” வயது, நடந்தது, இப்போதைய அறிகுறி, அதனால் கெட்டுப்போன வேலை எல்லாம் இதில் வந்துவிட்டது. குடி இருந்தால் அதையும், சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதை எல்லாவற்றுக்கும் முதலிலும் சொல்ல வேண்டும். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 கேள்விகள் அந்த இரண்டு வாரத்தைத்தான் கேட்கும். மொத்தம் 27-இல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் பார்ப்பதே சரி.

இந்தச் சேவை தடுமாறும் இடம் இனிமேல்தான். “அவங்களை விட்டு விலகி இருங்க” என்ற அறிவுரை சென்னையில் செல்லும். இங்கே அன்று அடித்தவன் இன்று அதே விசைப்படகில் வலை இழுக்கிறான், அதே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான், அவன் தங்கச்சி நம் வீட்டு மருமகள். விலகல் நடக்காது. நடந்தாலும், ஒதுங்க ஒதுங்கப் பயம் வளருமே தவிர குறையாது. படிப்படியாக எதிர்கொள்வதுதான் வைத்தியம்: ஆள் இல்லாத நேரத்தில் அந்தக் கடையைத் தாண்டி நடப்பது, பிறகு நின்று டீ வாங்குவது, பிறகு கூட்ட நேரத்தில் அங்கேயே உட்கார்ந்து குடிப்பது. படபடப்பு பாதியாகும் வரை இடத்தை விட்டு எழக் கூடாது. உச்சத்தில் எழுந்து வந்தால் ‘ஓடியதால்தான் தப்பித்தேன்’ என்று மனசு படித்துக்கொள்ளும். காதில் இயர்போனும் குனிந்த தலையுமாக உட்கார்ந்தாலும் பயிற்சி வீண். அன்று கத்தியெடுத்தவன், இன்றும் அடிக்கிறவன் என்றால் இந்தப் பயிற்சி பொருந்தாது; அது காவல்துறை விஷயம்.

இதை வாரம் ஒரு முறை, பன்னிரண்டு பதினாறு அமர்வுகள் உட்கார வைத்துச் செய்ய உளவியலாளர் வேண்டும். தொலைபேசியால் ஆகாது. எனவே அழைப்பை முடிக்கும் முன் “மாவட்ட மனநலத் திட்டத்தோட இணைச்சு விடுங்க, நேர்ல பாக்கணும்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். விசைப்படகுத் தொழிலாளிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் தோதான சமயம். மாத்திரை எழுதினால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும்; தூக்கக் கலக்கமும் வரலாம். தடைக்காலத்திலேயே தொடங்கினால், இரவில் படகு விளிம்பில் நிற்கும் முன் உடம்புக்குப் பழகிவிடும். தேறியது போலிருக்கிறதே என்று சட்டென நிறுத்தினால் தலைசுற்றலும் மண்டைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வும் வரலாம். குறைப்பது மருத்துவர் வேலை.

திறந்த கதவாக இது அருமை, முழு வைத்தியமாக எதிர்பார்த்தால் ஏமாற்றம். ஐந்துக்கு மூன்றரை தரலாம்.

சில நடைமுறைச் சங்கதிகள். வீட்டில் பேச முடியாமல் கடற்கரைக்குப் போகிறவர்கள், கச்சான் எனும் மேற்குக் காற்று வீசும் மாதங்களில் படகு மறைவில் உட்காராவிட்டால் எதிர்முனைக்குக் காற்றிரைச்சல் மட்டும்தான் கேட்கும். தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்வதுண்டு. நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து நம்மூர் நிறுவனத்துக்கு மாற்றினால்தான் எண் போகும். ஒரே போனை வீடே பயன்படுத்தினால் அழைப்புப் பட்டியலிலிருந்து 14416-ஐ அழித்துவிடுங்கள். இப்போதும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு நடக்கிறது என்றால் 1098 அல்லது பள்ளிக் கல்வித்துறையின் 14417.

கீழக்கரை, தொண்டிப் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு அங்கிருந்து இந்த எண் வேலை செய்யாது. வீட்டார் இங்கிருந்து அழைத்து யோசனை கேட்கலாம். விடுப்பில் ஊருக்கு வந்தால் முதல் வாரத்திலேயே அழைத்து நேரில் பார்க்க நாள் வாங்குங்கள். விமான டிக்கெட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அழைத்தால் மூச்சுப்பயிற்சியோடு அனுப்பிவிடுவார்கள்.